தள்ளிப்போட்ட துலாபாரம்

ஆரல்வாய்மொழிச் சோதனைச் சவுக்கையில் ஒரு பொம்பிளை என் இடுப்பைக் கிள்ளிப் பார்த்தாள். அதிலிருந்துதான் எல்லாம்.

அரிசிக்கு ரேஷன் இருந்த காலம் அது. திருவிதாங்கூர் போய்த் திருக்கொச்சி என்று பெயர் மாறின புதிது. ராஜ்ஜியத்தின் பெயர் மாறியதே தவிர அரிசிப் பஞ்சம் அப்படியேதான் இருந்தது. கிழக்கே பாண்டிச் சீமையிலிருந்து கணவாய் வழியாக ஒரு படி அரிசி கொண்டு வந்தாலும் குற்றம். பஸ்ஸைச் சவுக்கையில் நிறுத்தி ஆண்களின் மூட்டைகளை அவிழ்த்துப் பார்ப்பார்கள். பெண்களை ஓலை மறைப்புக்குள் கூப்பிட்டுச் சோதிக்க ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். நீளமாகப் பை தைத்து, அரிசியை நிரப்பி, சேலைக்குள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வரும் வித்தையை எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்போது நன்றாகப் படித்திருந்தார்கள்.

நான் வள்ளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, ஐந்து மாதக் கைப்பிள்ளையோடும் புருஷனோடும் திரும்பி வந்துகொண்டிருந்தேன். மறைப்புக்குள் போனதும் அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவுத்துப் போடு."

"என்னத்தை?"

"அரிசியைத்தான். நாலு படி இருக்கும் போலிருக்கே."

"எங்கிட்ட அரிசி ஒண்ணும் கெடையாது."

"எல்லாரும் இதைத்தான் சொல்லுகா," என்றபடியே இடுப்பைப் பிடித்துக் கிள்ளினாள். விட்டுவிட்டு மறுபக்கமும் கிள்ளினாள். பிறகு மறைப்புக்கு மேலே தலையை நீட்டி, வெளியே நின்ற சேவகனிடம், "அரிசி இல்ல வே, வெறும் சதை," என்றாள்.

பஸ் முழுக்கச் சிரித்தது. யாரோ ஒருவன், "ரேஷன் அரிசியிலயா இம்புட்டுச் சதை?" என்று கேட்டான். அதற்கும் சிரித்தார்கள். நான் பிள்ளையை மாரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தவள், ஊர் வந்து சேரும்வரை தலையை நிமிர்த்தவில்லை. என் புருஷன் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர்தான் எங்கள் ஊர் ரேஷன் டிப்போவில் கிளார்க்.

பஞ்ச காலத்தில் டிப்போ கிளார்க்கை ஊர் எப்படிப் பார்க்கும்? பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதையாகத்தான் பார்க்கும். அந்த மனுஷன் டிப்போ அரிசியில் ஒரு மணியை வாயில் போட்டு மென்றுகூடப் பார்க்க மாட்டார். எங்கள் வீட்டுக்கும் கார்டுக்கு உள்ள அரிசிதான், எல்லாரையும்போல வரிசையில் நின்றுதான். ஆனால் ஊர் கார்டையா பார்க்கும்? தெருவில் பிள்ளையை இடுக்கிக்கொண்டு போகும் என்னைத்தான் பார்த்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

இந்தச் சதை வந்த வழியையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளை பிறந்த பதினைந்தாம் நாள் எனக்குக் காய்ச்சல் கண்டு, பிழைக்க மாட்டேன் என்று வைத்தியரே கையை விரித்துவிட்டார். எலும்பும் தோலுமாகக் கிடந்தேனாம். என் புருஷனைப் பெற்றவள், நான் அத்தை என்று கூப்பிடுகிறவள், அன்று எங்கள் ஊர்க் கிருஷ்ணன் கோயிலில் போய் நின்று, "இந்தப் பிள்ளை பிழைச்சு எழும்பினா எடைக்கு எடை கதலிப்பழம் துலாபாரம் குடுக்கேன்" என்று நேர்ந்துவிட்டு வந்தாள். துலாபாரம் என்றால், நடைக்கு முன்னால் ஆள் உயரத் தராசைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு தட்டில் ஆளை உட்காரவைத்து மறுதட்டில் பழத்தை ஏற்றுவார்கள். தொழ வந்த அத்தனை பேரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். அன்றைக்கே என்னைத் தூக்கித் தட்டில் வைத்திருந்தால் இரண்டு குலைப் பழத்தோடு காரியம் முடிந்திருக்கும்.

காய்ச்சல் விட்டது. அத்தை சும்மா இருப்பாளா. பிரசவ லேகியம் கிண்டினாள், உளுந்தங்களி கிண்டினாள், களியில் குழி பறித்து நல்லெண்ணெயை ஊற்றிக் கொடுத்தாள். மறுபிறவி எடுத்து வந்த மருமகளுக்கு ஊட்டுவதில் அவளுக்கு அப்படி ஒரு ஆவேசம். ஐந்து மாதத்தில் கல்யாணத்து ரவிக்கை ஒன்றுகூட என் கையில் ஏறவில்லை.

பிள்ளைக்கு ஆறாம் மாதம் கோயிலில் வைத்து முதல் சோறு ஊட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதே நாளில் என் துலாபாரத்தையும் முடித்துவிடலாம் என்று அத்தை நாள் பார்த்து வைத்திருந்தாள். கொல்லையில் நின்ற ரசகதலி வாழைகளில் ஐந்து குலைகளுக்குச் சருகு சுற்றி, "இது சாமிக்கு" என்று சொல்லி ஒருவரையும் தொடவிடவில்லை. அந்த நாளுக்கு மூன்று வாரம் முன்புதான் சவுக்கையில் அந்தக் கிள்ளல் நடந்தது. ஒரு பஸ் ஜனம் சிரித்ததற்கே எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. இனி ஊர் ஜனம் மொத்தமும் சுற்றி நிற்க, குலை குலையாகப் பழத்தை ஏற்றி, "இன்னும் ஏத்து, இன்னும் ஏத்து" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு தட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். என்னால் முடியாது என்று தீர்மானித்துவிட்டேன்.

"அத்தை, எனக்கு இன்னும் பிரசவ இடுப்பு வலி போகல்ல. காலை மடக்கித் தட்டுல இருக்க முடியாது. துலாபாரத்தை அடுத்த மாசம் பாப்போமா?"

"அதுக்கென்ன மக்களே. உடம்பு நேராகட்டும். சாமி எங்க போயிரப் போறாரு."

பிள்ளைக்குச் சோறு ஊட்டினோம். சருகு சுற்றி வைத்த குலைகள் பழுத்துப்போய், அத்தை அவற்றைத் தெருவில் ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எனக்கு இடுப்பில் ஒரு வலியும் இல்லை.

அடுத்த மாதத்துக்குள் மெலிந்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. டிப்போ அடைத்திருந்த ஒரு நாளில், சாக்கு நிறுக்கும் தராசில் என்னை நிறுத்துப் பார்க்கச் சொல்லி என் புருஷனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். கதவைச் சாத்திவிட்டு நிறுத்தார். நூற்று அறுபத்திரண்டு ராத்தல். "ஒரு சாக்கு அரிசிக்குக் கொஞ்சம் குறைவு," என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

நெய்யை விட்டேன். தேங்காயை விட்டேன். ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கினேன். லேகியத்தை அத்தை தரும்போது வாயில் வாங்கிக்கொண்டு, கொல்லைக்குப் போய்த் துப்பினேன். ஒருநாள் அவள் அதைப் பார்த்துவிட்டாள். அப்போது, "உங்க லேகியந்தான் என்னை இந்தக் கோலம் ஆக்கிச்சு," என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவள் லேகியக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டு மாதத்தில் நூற்று ஐம்பதுக்கு இறங்கினேன். ராஜகுமாரிபோல நடந்தேன். அதோடு நின்றுவிட்டது. அடுத்த தடவை நிறுத்தால் நூற்று ஐம்பது. அதற்கடுத்த தடவையும் நூற்று ஐம்பது. அவர் தராசின் முள்ளைத் தட்டிப் பார்த்தார். ஒரு படிக்கல்லை வைத்துச் சரிபார்த்தார். தராசில் குற்றமில்லை.

பிறகு யாரிடம்தான் யோசனை கேட்கவில்லை நான்? வைத்தியர், "கொள்ளுக் கஞ்சி குடி, தேனை வெந்நீரில் விட்டுக் குடி, பழைய சோற்றை மட்டும் கண்ணெடுத்தும் பார்க்காதே" என்றார். ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் கேட்டேன். "கொள்ளு சூடு. பால் வத்திப்போகும், பிள்ளைக்கு ஆகாது. அரிசியைக் குறைச்சு மரச்சீனி சாப்பிடு," என்றார். மரச்சீனி என்பது மரவள்ளிக் கிழங்கு. அதைப் பற்றி வைத்தியரிடம் சொன்னதும், "வாயு. ஊதிப்போவே. யார் சொன்னது?" என்று சண்டைக்கு வந்தார். கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவருகிற கிழவி கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இவியளுக்கெல்லாம் என்ன தெரியும் பிள்ளே? காலம்பற வெறும் வயித்துல பழஞ்சி குடி. நாங்க எல்லாம் அதுலதான் சீவிக்கோம். எங்க கரையில ஒருத்திக்கு வயிறு தள்ளியிருக்கா, பாரு."

நானும் பார்த்தேன். அவளுக்கு வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் தலையில் கூடையை வைத்துக்கொண்டு நாளைக்கு எத்தனை மைல் நடக்கிறாள் என்பது என் புத்தியில் ஏறவில்லை. பழஞ்சிதான் மருந்து என்று பிடித்துக்கொண்டேன்.

பழஞ்சி என்றால் முந்தின நாள் மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பது. எங்கள் வீட்டில் அது தினமும் இருந்தது. மண்சட்டி நிறைய, கெட்டியாக, ஒரு ஆளுக்குத் தாராளமாகப் போதும். ரேஷன் காலத்தில் ஒரு வீட்டில் தினமும் ஒரு ஆள் சோறு எப்படி மிஞ்சும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்து, உப்பிட்டு, காந்தாரி மிளகாயைக் கடித்துக்கொண்டு தினமும் காலையில் ஒரு சட்டியைக் காலி செய்தேன். அதற்குமேல் கொள்ளுக் கஞ்சி, தேன், வெந்நீர். மத்தியானம் பேருக்கு இரண்டு பிடிச் சோறு உண்டுவிட்டு, பட்டினி கிடப்பதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். நூற்று ஐம்பது அசையவில்லை.

மாதம் பிறந்தால் அத்தை மெதுவாகக் கேட்பாள். "இந்த ஏகாதசிக்குப் போலாமா மக்களே? ரெண்டு குலை முத்தி நிக்கு."

இடுப்பு வலியை எத்தனை மாதம் சொல்ல முடியும்? "தூரம் அத்தை," என்று சொன்னேன். அந்தக் காலத்தில் வீட்டுவிலக்கு என்றால் கோயில் மட்டுமல்ல, அடுக்களையும் கிணறும்கூட ஆகாது. கொல்லைப்புற அறையில் மூன்று நாள் ஒதுங்கி இருக்க வேண்டும். சொன்ன பொய்க்காக மூன்று நாள் ஒதுங்கி இருந்தேன். அத்தை தண்ணீர் இறைத்தாள், சமைத்தாள், பிள்ளையைப் பால் கொடுக்கக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். பழஞ்சிச் சட்டியை அறை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று, "குடிச்சிரு மக்களே," என்பாள். பதினைந்து நாள் கழித்து நிஜமான தூரம் வந்தது. ஒதுங்கித்தானே ஆக வேண்டும். ஒரே மாதத்தில் இரண்டாவது தடவையாக நான் அந்த அறைக்குள் போனபோது அவள் முகம் ஒருமாதிரி ஆயிற்று. கள்ளம் பிடிபட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

வீட்டில் சாப்பிடுகிறவர்கள் மூன்று பேர்தான். மத்தியானம் அவர் டிப்போவிலிருந்து வந்து சாப்பிட்டுப் போவார், பிறகு நான், கடைசியில் அத்தை. அடுக்களையில் தனியாக உட்கார்ந்து மரச்சீனியைத் துவையலோடு தின்றுகொண்டிருப்பாள். பஞ்ச காலத்தில் மரச்சீனி தின்னாத வீடு எது? மாமனார் செத்ததிலிருந்து ராத்திரியில் அவள் சோறு தொடுவதும் இல்லை. ஆகவே எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். என் வயிற்றைத் தவிர வேறு ஒரு வயிறு அந்த வீட்டில் இருப்பதே எனக்கு அப்போது நினைவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுதான் உண்மை.

ஆனால் அவள் மெலிந்துகொண்டு வந்ததை மட்டும் பார்த்தேன். பார்க்காமல் எப்படி இருப்பேன்? அந்த வருஷம் முழுக்க நான் யாரைப் பார்த்தாலும் முதலில் அவர்களின் இடுப்பைத்தான் பார்த்தேன். அத்தையின் கழுத்தெலும்பு தெரிந்தது. கையில் கிடந்த வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆமாம், பொறாமைதான்.

"அத்தை, நீங்க மட்டும் எப்படி இப்படி மெலிஞ்சிய? எனக்கும் சொல்லித் தரப்பிடாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வயசாகுதுல்லா மக்களே," என்று சிரித்தாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நர்ஸம்மா சொன்னது சரி, மரச்சீனியில்தான் சங்கதி இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டு, மறுநாளிலிருந்து அவள் தட்டிலிருந்தே பாதியை எடுத்துத் தின்னத் தொடங்கினேன். "தின்னு, தின்னு," என்று தட்டை என் பக்கம் தள்ளுவாள். முதல் நாளே வாயில் வைத்ததும் சப்பென்றிருந்தது.

"உப்பே போடல்லியே அத்தை."

"மறந்துட்டேன்," என்று சொல்லிவிட்டு, உப்பு மரவையை என் பக்கம் நகர்த்தினாள். மறுநாளும் மறந்திருந்தாள். அடுத்த நாளும். வயசாகிறது, ஞாபகம் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். இப்படி ஒரு பத்து நாள் அவள் மரச்சீனியைப் பங்குபோட்டுத் தின்றேன். பிறகு வயிறு உப்பிக்கொண்டது, வைத்தியர் சொன்னதுதான் சரி என்று விட்டுவிட்டேன்.

ஓணம் வந்தது. ஓணத்துக்கு அத்தையின் தங்கை ஆரல்வாய்மொழியிலிருந்து வந்திருந்தாள். அவளை நான் சின்னத்தை என்று கூப்பிடுவேன். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள், வாயைத் திறந்தால் மூடமாட்டாள். ஓணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த அரிசியில் வயிறார வடித்து, பருப்பு, அவியல், எரிசேரி, பாயசம் என்று அத்தை எல்லாம் செய்திருந்தாள். அவர் சாப்பிட்டு எழுந்ததும் நானும் சின்னத்தையும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தோம். மூன்றாவது இலை ஒன்றை நானே போட்டேன்.

"அத்தை, இன்னைக்காவது எங்ககூட இருங்க. நல்ல நாளும் அதுவுமா மரச்சீனியா திம்பிய?"

அத்தை பதில் சொல்வதற்குள் சின்னத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "அவ எப்படி இருப்பா? நீ தராசுல ஏறாம அவ சோத்துல கை வைக்க மாட்டால்லா."

நான் அவளைப் பார்த்தேன்.

"ஏட்டி, உனக்குத் தெரியாதா? உனக்குக் காய்ச்சல் வந்தப்பவே நேந்துட்டாளே. பதினோரு மாசம் ஆச்சு, மனுஷி ஒரு பருக்கை திங்கல்ல."

"வாயை மூடிட்டுத் தின்னு," என்றாள் அத்தை. குரல் உயரவில்லை. எரிசேரிச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

என் இலையில் சோறு இருந்தது. அப்போதுதான் கணக்கு எனக்கு விளங்கிற்று. மூன்று பேருக்கு வடிக்கிறாள். இரண்டு பேர் உண்கிறோம். மூன்றாவது ஆளின் சோற்றைத்தான் தினமும் காலையில் மருந்து என்று சொல்லிக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். நூற்று ஐம்பது அசையாமல் நின்றதற்கு வைத்தியரையும் நர்ஸம்மாவையும் மீன்காரக் கிழவியையும் திட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகூடச் சோறு தின்னத் தொடங்கி ஐந்து மாதம் ஆகிவிட்டது. அவள் இன்னும் தொடங்கவில்லை. அது போதாதென்று அவள் தட்டில் இருந்த மரச்சீனியிலும் பாதியைப் பிடுங்கித் தின்றிருக்கிறேன். இலையை மூடாமல் எழுந்து அடுக்களைக்குப் போனேன்.

"ஏன் அத்தை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல்ல?"

"நேந்ததைச் சொல்லிக் காட்டுவாவளா? சொல்லியிருந்தா நீ அந்த இடுப்பு வலியோட ஓடிவந்து ஏறியிருப்ப. உன்னை எனக்குத் தெரியாதா."

"பின்ன எதுக்கு உங்க பங்கையும் வடிச்சிய?"

"வடிக்காம இருந்தா நீங்க ரெண்டு பேரும் கண்டுபிடிச்சிர மாட்டியளா? பிறவு நீயும் காலம்பற பழஞ்சி குடிக்கத் தொடங்கின. பால் குடுக்க பிள்ளை. உன் வயித்துக்குத்தானே போகுதுன்னு எனக்கு ஒரு சமாதானம்."

நான் அவள் கையைப் பிடித்தேன். வளையல் வழுக்கிக்கொண்டு போயிற்று. எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று, "அத்தை, எனக்கு இடுப்பு வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் வந்து..." என்று தொடங்கினேன்.

"இடுப்பு வலியை விடு," என்று அவள் குறுக்கே வந்தாள். "அது தன்னால போயிரும். ஒரு மாசத்துல ரெண்டு மட்டம் தூரம்னு ஒதுங்கினியே, அப்பந்தான் எனக்கு உயிரே இல்ல. எங்க அக்கா அப்படித்தான் செத்துப்போனா. முதல்ல மாசத்துல ரெண்டு மட்டம், பிறவு நிக்கவே இல்ல. நீ அறைக்குள்ள போன அன்னைக்கே நான் கோயிலுக்குப் போயி, நீ தராசுல ஏறுகது வரைக்கும்னு உப்பையும் விட்டுட்டேன். சோறு ஏற்கெனவே விட்டாச்சு, இனி விடதுக்கு எங்கிட்ட வேற என்ன இருக்கு? பாரு, அடுத்த மாசமே உனக்கு நேராச்சு. ஆச்சா இல்லியா?"

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பரீட்சையில் தேறின பிள்ளை முகம்.

"ஆச்சு அத்தை," என்றேன்.

மறுநாளே ஏறுகிறேன் என்று சொன்னேன். அவர் அலைந்து பழம் சேர்த்தார். எங்கள் கொல்லையில் மூன்று குலை, பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கினது மூன்று. காலையில் கோயிலில் நல்ல கூட்டம், ஓணத்துக்கு வந்த விருந்தாளிகள் எல்லாரும் இருந்தார்கள். நான் பிள்ளையை அத்தையிடம் கொடுத்துவிட்டுத் தட்டில் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்தேன். நான்கு குலை வைத்தார்கள், என் தட்டு தரையைவிட்டு எழும்பவில்லை. ஐந்தாவது வைத்தார்கள். "இன்னும் ஏத்து," என்று யாரோ சொன்னார்கள். "டிப்போ வீடுல்லா," என்றது ஒரு குரல். சில பேர் சிரித்தார்கள். ஆறாவது குலையை வைத்ததும் தட்டு எழும்பிற்று. எந்தச் சிரிப்புக்குப் பயந்து அத்தனை மாதம் ஒளிந்தேனோ, அது அவ்வளவுதான். ஒரு தும்மல் நேரம்கூட இல்லை. அதற்காக ஒருத்தியைப் பதினோரு மாதம் பட்டினி போட்டிருக்கிறேன். சிரித்தவர்களைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இல்லை. நடையின் ஓரத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு, கைகூப்பவும் முடியாமல் கண்ணீரைத் துடைக்கவும் முடியாமல் நின்ற அத்தையைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவளை உட்காரவைத்து நான் பரிமாறினேன். சோற்றைக் கையில் எடுத்துச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாய் தின்றாள். நான்காவது வாய் இறங்கவில்லை.

"பருப்புல உப்பு ரொம்பக் கரிக்கு," என்றாள்.

நான் எடுத்து வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பு எப்போதும்போலத்தான் இருந்தது.

அவள் வயிறு பழையபடி ஆக ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. தினமும் ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடி என்று கூட்டிக்கொண்டு வந்தோம். பழஞ்சியை நான் விட்டேன். எடை தானாகக் கொஞ்சம் இறங்கிற்று, பிறகு ஏறிற்று, பிறகு எத்தனையோ தடவை ஏறி இறங்கிற்று. அதை எல்லாம் இப்போது சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

உண்மையை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று பல தடவை நினைத்ததுண்டு. இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போடுவதில்தான் நான் கெட்டிக்காரியாயிற்றே. இதற்கிடையில் அத்தையின் உப்பு விரதத்தின் மகிமை தெருவெங்கும் பரவிவிட்டது. அவளேதான் பரப்பினாள். எந்த வீட்டுப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் போய் உட்கார்ந்துகொண்டு, உப்பை விடச் சொல்லி அவளைப் பெற்றவளுக்கு யோசனை சொல்வாள். அவர்கள் சந்தேகமாகப் பார்த்தால் என்னைக் கூப்பிடுவாள்.

"நீயே சொல்லு மக்களே. அடுத்த மாசமே நேராச்சா இல்லியா?"

"ஆமா, அடுத்த மாசமே," என்று நான் சொல்வேன். அவள் சாகும்வரை சொன்னேன்.